டெக்சாஸில் 71 வயது அம்மாவின் சொத்து வரியை ஒத்திவைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கி இங்கே தருகிறேன். அம்மாவுக்கு 71 வயது. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டியில் சொந்த வீடு, வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். இப்போது அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் மட்டும்தான். வருடத்துக்கு 6,000 டாலர் சொத்து வரி கட்ட முடியவில்லை. "65 தாண்டியவர்கள் வரியே கட்ட வேண்டாம், ஒரு ஃபாரம் எழுதிக் கொடுத்தால் போதும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். ஃபாரம் கொடுத்தால் பின்னால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபாரம் கொடுப்பதால் வீடு போகாது. சொல்லப்போனால், அம்மா அந்த வீட்டில் இருக்கும்வரை வரி பாக்கிக்காக யாரும் அதை ஏலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடுப்பதே அந்த ஃபாரம்தான்.

உங்களுக்குச் சொன்னவர் சொன்னதில் பாதி சரி. டெக்சாஸ் வரிச் சட்டத்தின் 33.06ஆம் பிரிவு, 65 வயதானவர் தானே உரிமையாளராக இருந்து தானே குடியிருக்கும் வீட்டின் சொத்து வரி வசூலை ஒத்திவைக்க உரிமை தருகிறது. உடல் ஊனமுற்றவர்களுக்கும் இதே உரிமை உண்டு. வருமான வரம்பு எதுவும் கிடையாது. பள்ளி மாவட்டம், கவுன்டி, நகரம், உங்கள் பக்கத்தில் தண்ணீர், சாக்கடை வசதிக்காக வசூலிக்கும் மட் வரி என எல்லாவற்றுக்கும் சேர்த்தே இது செல்லும். ஆனால் "கட்டவே வேண்டாம்" என்பது தவறு. வரி தள்ளுபடி ஆவதில்லை, தள்ளிப்போகிறது. வருடத்துக்கு 5 சதவீத வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 2017க்கு முன்னால் இது 8 சதவீதமாக இருந்தது. ஊரில் வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இந்தப் பாக்கி வீட்டின்மேல் வில்லங்கமாக நிற்கும். அம்மா வீட்டை விற்றாலோ, வேறு இடத்தில் நிரந்தரமாகக் குடியேறினாலோ, காலமானாலோ அன்றிலிருந்து 180 நாள் அவகாசம். 181ஆம் நாள் முதல் வசூல் நடவடிக்கை எடுக்கலாம்.

சரி, ஒன்றும் செய்யாமல் பில்லை அலமாரியில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொண்டால்தான் 5 சதவீதத்தின் அருமை புரியும். டெக்சாஸில் அக்டோபர் வாக்கில் பில் வரும், ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். பிப்ரவரி 1ஆம் தேதி பிறந்ததும் 6 சதவீத அபராதம், 1 சதவீத வட்டி. அப்புறம் மாதாமாதம் இரண்டிலும் ஒவ்வொரு சதவீதம் கூடும். ஜூலை 1ஆம் தேதி அபராதம் ஒரே தாவலில் 12 சதவீதம் ஆகும், வட்டி 6 சதவீதம் ஆகியிருக்கும். ஆக 6,000 டாலர் 7,080 டாலராக நிற்கும். அன்றைக்கே கணக்கு வசூல் வக்கீலிடம் போனால் அதன்மேல் 20 சதவீதம் வரை கூடுதல் அபராதம் போடலாம். அப்படிப் போட்டால் 8,496 டாலர். ஐந்தே மாதத்தில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் கூடுதல். ஒத்திவைப்பு ஃபாரம் கொடுத்திருந்தால் அபராதம் ஏறாது. ஒரு முழு வருடத்துக்கும் சேர்த்து 300 டாலர் வட்டி மட்டும்தான்.

இத்தனை வித்தியாசம் இருந்தும் நம் பெரியவர்கள் பலர் அந்த ஃபாரத்தைத் தொடுவதில்லை. கடன் வைப்பது அவமானம் என்று நினைக்கிறார்கள். சில வருடங்களாக இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெரியவர்களுக்கு வரிக் காகிதங்களில் உதவி வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை ஒரு அம்மாவின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பில்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வாரத்துக்கான மாத்திரை டப்பா திறந்திருந்தது. ஒவ்வொரு அறையிலும் அரை மாத்திரை. டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டாரா என்று கேட்டேன். "இல்லப்பா, ஜனவரி வரைக்கும் இப்படிச் சமாளிச்சா வரிப் பணம் சேர்ந்துடும்" என்றார். அவர் இருந்த வீட்டின் மதிப்பு மூன்று லட்சம் டாலருக்கு மேல், கடன் ஒரு சென்ட் கிடையாது. அந்த மாத்திரை டப்பாவை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இந்தப் பதில் இவ்வளவு நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம்.

ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு முதல் வேலை ஒத்திவைப்பு அல்ல. முதலில் வரியையே குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 6,000 டாலர் என்ற தொகையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தேகம், அம்மாவுக்கு உரிய விலக்குகள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்பதுதான்.

2025 நவம்பரில் டெக்சாஸ் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தபின், குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு பள்ளி வரியில் 1,40,000 டாலர் ஆகியிருக்கிறது. 65 தாண்டியவர்களுக்கு அதன்மேல் இன்னொரு 60,000 டாலர். இரண்டும் சேர்ந்து 2,00,000 டாலர். வீட்டு மதிப்பு 3,50,000 என்றால் பள்ளி வரி 1,50,000 டாலருக்கு மட்டும்தான் போட வேண்டும். பள்ளி வரி விகிதம் 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டாலே, மூத்தோர் விலக்கு விட்டுப்போனால் வருடத்துக்கு 600 டாலர் நஷ்டம். இரண்டுமே விட்டுப்போயிருந்தால் 2,000 டாலர். கவுன்டியும் நகரமும் தங்கள் பங்குக்குத் தனி விலக்கு கொடுப்பதுண்டு.

இதைவிட முக்கியமானது பள்ளி வரி உச்சவரம்பு. 65 வயதுக்கான விலக்கு கிடைத்த வருடம் பள்ளி வரி எவ்வளவோ, அதற்கு மேல் ஏறக்கூடாது என்று உறைந்துவிடும். வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினால் மட்டும் கூடும். கூரை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது போன்ற பராமரிப்பு இதில் சேராது. உங்கள் வீட்டு விஷயத்தில் இங்கேதான் கவனம் வேண்டும். அப்பா பெயரில் இந்த வரம்பு ஏற்கெனவே இருந்திருந்தால் அது அம்மாவுக்குத் தொடர வேண்டும். கணவர் இறக்கும்போது மனைவிக்கு 55 வயது ஆகியிருந்தாலே போதும். அப்பா இறந்தபின் கணக்கு மாறும்போது அந்தப் பழைய, குறைந்த வரம்பு விட்டுப்போய், புதிதாக விண்ணப்பித்ததாக எடுத்துக்கொண்டு உயர்ந்த தொகையில் வரம்பு போட்டுவிடக் கூடாது. பழைய பில்லையும் புதுப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளி வரி வரிசையில் தொகை குதித்திருந்தால் உடனே கேளுங்கள். கையோடு இறப்புச் சான்றிதழ் பிரதி இருக்கட்டும். விலக்குக்கு விண்ணப்பிக்க ஒரு காசும் கட்டணம் கிடையாது. விட்டுப்போன விலக்கை இரண்டு வருடம் வரை பின்னோக்கியும் கேட்க முடியும். "விலக்கு வாங்கித் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று தபாலில் வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

வீடு அப்பா பெயரில் மட்டும் இருந்ததா, இருவர் பெயரிலுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயில் எழுதாமல் அவர் தவறியிருந்து, பிள்ளைகள் எல்லோரும் இருவருக்கும் பிறந்தவர்கள் என்றால், திருமண காலத்தில் சேர்த்த பொதுச் சொத்தில் அவர் பங்கு முழுவதும் டெக்சாஸ் சட்டப்படி அம்மாவுக்கே வரும். பத்திரத்தில் பெயர் மாறாமல் இருந்தாலும், வாரிசு வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு கேட்கலாம் என்பதை 2019இல் சட்டமே தெளிவாக்கிவிட்டது. அதற்கென்று தனி உறுதிமொழிப் பத்திரம் இருக்கிறது.

இதெல்லாம் செய்தபின் வரி 4,000 டாலர் பக்கம் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதை அம்மாவால் நாலாகப் பிரித்துக் கட்ட முடியுமா? 65 தாண்டியவர்களுக்குத் தவணை வசதி உண்டு. முதல் தவணை ஜனவரி 31க்குள், மற்றவை மார்ச், மே, ஜூலை மாதக் கடைசிக்குள். அபராதமும் இல்லை, வட்டியும் இல்லை. ஒரே மூச்சில் கட்ட முடியாமல் தவிக்கும் பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. நீங்கள் வெளியூரில் இருந்தபடி இரண்டு தவணையை ஏற்றுக்கொண்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அதுவும் முடியாது என்றால்தான் ஒத்திவைப்பு. அப்படி எடுப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

செய்முறை எளிது. இது ஒரு உறுதிமொழிப் படிவம், எண் 50-126. அதில் கையெழுத்துப் போடுவது நோட்டரி முன்னால் நடக்க வேண்டும். அதை வரி வசூல் அலுவலகத்தில் கொடுக்கக் கூடாது, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வீட்டுக்கு மதிப்புப் போடுவதும் விலக்கு, ஒத்திவைப்புப் படிவங்களை வாங்குவதும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். பில் அனுப்பிப் பணம் வாங்குவது வரி அலுவலகம். கேட்டி ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுன்டிகளில் பரவிக் கிடப்பதால், அம்மாவின் வீடு எந்தக் கவுன்டியில் என்று பில்லைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அந்தக் கவுன்டியின் டிஸ்ட்ரிக்ட்டுக்கே அனுப்புங்கள். கொடுத்த படிவத்தில் தேதி முத்திரை போட்ட பிரதி ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு அனுப்புங்கள்.

பிப்ரவரி தாண்டிவிட்டாலும் கொடுக்கலாம். வழக்கே போட்டுவிட்டாலும் நீதிமன்றத்தில் இதே உறுதிமொழியைக் கொடுத்து நிறுத்திவைக்கலாம். ஏலத் தேதி குறித்தபின்கூட, ஏலத்துக்கு ஐந்து நாளுக்கு முன்னால் கொடுத்தால் நிறுத்த முடியும். ஆனால் படிவம் கொடுத்த நாள் வரை ஏறிய அபராதமும் வட்டியும் அழியாது, அப்படியே நிற்கும். அதனால்தான் ஜனவரிக்குள் முடிவெடுக்கச் சொல்கிறேன்.

படிவம் கொடுத்த பிறகும் வருடா வருடம் பில் வரும். அதைப் பார்த்து அம்மா பதறிப்போய் உங்களுக்கு இரவில் போன் செய்வார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பில் வருவது கணக்குக்காக. அதில் ஒத்திவைப்பு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இல்லையென்றால் வரி அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பில்லைத் தூக்கி எறிய வேண்டாம், பின்னால் மொத்தப் பாக்கியைக் கணக்கிட அவைதான் ஆதாரம்.

இப்போது கணக்குக்கு வருவோம். வருடம் 4,000 டாலர், பத்து வருடம் முழுதும் ஒத்திவைத்தால் அசல் 40,000. முதல் வருட பில்லுக்குப் பத்து வருட வட்டி, கடைசி பில்லுக்கு ஒரு வருட வட்டி என்று போட்டால் வட்டி 11,000. மொத்தம் 51,000 டாலர். பதினைந்து வருடம் என்றால் அசல் 60,000, வட்டி 24,000, மொத்தம் 84,000. அம்மாவுக்கு 86 வயது ஆகும்போது இருக்கும் நிலை இது. மூன்றரை லட்சம் டாலர் வீட்டில் இது பெரிய தொகைதான், ஆனால் வீட்டை விழுங்கிவிடும் தொகை அல்ல. இதை அம்மாவிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். "பத்து வருஷம் கழிச்சு ஐம்பத்தோராயிரம், வீட்டு விலை மூன்றரை லட்சம்" என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் பல பெரியவர்களுக்கு மூச்சு நிதானமாவதைப் பார்த்திருக்கிறேன்.

முழுதும் ஒத்திவைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கையில் பணம் வரும்போது பாக்கியில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். அம்மாவின் பெயரில் வங்கியில் பணம் இருந்து, அதற்கு 5 சதவீதத்துக்குக் குறைவாக வட்டி வருகிறது என்றால், அவசரத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியில் வரியைக் கட்டிவிடுவதே லாபம். பிள்ளைகள் வசதியாக இருந்தால் பிள்ளைகள் கட்டுவது இன்னும் நல்லது, எப்படியும் கடைசியில் அந்தப் பாக்கி உங்கள் பங்கில் இருந்துதான் கழியப்போகிறது.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கடன் பாக்கி இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. கடன் பத்திரத்திலேயே வரியை ஒழுங்காகக் கட்டுவேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நீங்கள் கட்டாவிட்டால் வங்கியே கட்டிவிட்டு, அந்தத் தொகையை உங்கள் மாதத் தவணையில் ஏற்றிவிடும். சட்டத்தின் பாதுகாப்பு வரி வசூலிப்பவர்களைத்தான் தடுக்கும், வங்கியைத் தடுக்காது. வீட்டை ஈடாகக் காட்டி வங்கியிடம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், வரி கட்டத் தவறுவதே அந்தக் கடனில் ஒப்பந்த மீறல். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் இல்லை என்பதால்தான் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டும் எச்.ஓ.ஏ. சந்தா வரி இல்லை, அது இந்த ஒத்திவைப்பில் வராது. அதைக் கட்டாமல் விட்டால் அவர்களும் வீட்டின்மேல் நடவடிக்கை எடுக்கலாம். வீட்டுக் காப்பீடும் அப்படியே, புயல் வீசும் ஊரில் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நம் குடும்பங்களில் மட்டும் அடிக்கடி நடக்கும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, "கடைசிக் காலத்தில் அலைய வேண்டாம், வீட்டைப் பையன் பெயருக்கு எழுதிவிடலாம்" என்ற பேச்சு. அப்பா போனபின் உறவினர்கள் யாராவது இதை அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வீடு உங்கள் பெயருக்கு மாறிய நாளில் அம்மா உரிமையாளர் இல்லை. ஹோம்ஸ்டெட் விலக்கு, மூத்தோர் விலக்கு, உறைந்த பள்ளி வரி, ஒத்திவைப்பு என எல்லாமே அதோடு போகும். ஒத்திவைத்திருந்த பாக்கிக்கு 180 நாள் கடிகாரமும் அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும். பின்னால் வீட்டை விற்கும்போது வேறொரு அடியும் விழும். வாரிசாக வந்த வீட்டுக்கு, பெற்றவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே உங்கள் வாங்கிய விலையாகக் கணக்காகும். உயிரோடு இருக்கும்போது தானமாக எழுதிக் கொடுத்தால், அவர்கள் அந்தக் காலத்தில் வாங்கிய பழைய விலைதான் கணக்கு. லாபத்துக்கான வரி எகிறிவிடும். அலைச்சலைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் டெக்சாஸில் 2015 முதல், இறந்தபின் மட்டும் உரிமை மாறும் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்யலாம். அதுவரை அம்மாதான் முழு உரிமையாளர், எந்தச் சலுகையும் போகாது. பத்திரம் எழுத ஒரு வக்கீலிடம் போய்விடுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. பிள்ளைகள் தங்கள் பெயரில் வீடு வாங்கிப் பெற்றோரைக் குடிவைத்திருந்தால், அந்த வீட்டில் 80 வயதுப் பெற்றோர் இருந்தாலும் ஒத்திவைப்பு கேட்க முடியாது. உரிமை, குடியிருப்பு இரண்டும் அதே ஆளிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஊருக்குப் போவது. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று இருக்கும் அம்மாக்கள் நிறைய. ஊருக்குப் போனால் குடியிருப்பு போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. திரும்பி வரும் எண்ணத்தோடு, வேறு எங்கும் நிரந்தர வீடு வைத்துக்கொள்ளாமல், இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் ஹோம்ஸ்டெட் தொடரும். உடல்நிலை காரணமாக முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்க நேர்ந்தாலும், திரும்பும் எண்ணம் இருந்தால் தொடரும். ஆனால் ஊரில் இருக்கும் மாதங்களில் "சும்மாதானே கிடக்கிறது" என்று வீட்டை முழுதாக வாடகைக்கு விடாதீர்கள். அங்கே வேறொருவர் குடியிருக்க, இது என் குடியிருப்பு என்று நீங்கள் சொன்னால் நிற்காது.

அப்புறம், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. அம்மா ஒத்திவைக்கப் போகிறார் என்றால் உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் அது முதல் நாளே தெரிய வேண்டும்.

ஒரு குடும்பத்தில் அப்பா ஒன்பது வருடம் வரியை ஒத்திவைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் இறந்து மூன்றாவது மாதம் வீட்டை விற்க ஏற்பாடு செய்தபோது, வில்லங்கம் பார்த்து விற்பனையை முடித்துக்கொடுக்கும் டைட்டில் கம்பெனி கொடுத்த காகிதத்தில்தான் பிள்ளைகள் அந்தத் தொகையை முதல்முதலில் பார்த்தார்கள். மூத்த மகன் டாலஸில், மகள் சிங்கப்பூரில், இளையவர் மதுரையில். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மதுரையில் இருந்து வர வேண்டிய அதிகாரப் பத்திரம் ஒருமுறை தப்பாக எழுதப்பட்டுத் திரும்பிப் போனது. இந்தப் பக்கம் 180 நாள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்பது நாள் மிச்சம் வைத்து விற்பனை முடிந்தது. பணம் அவர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இல்லை. "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்து கட்டியிருப்போமே, இதை இத்தனை வருடம் தனியாக மனதில் வைத்திருந்தாரே" என்று மகள் போனில் அழுதார்.

அதனால் ஒரு கோப்பு போடுங்கள். ஒத்திவைப்புப் படிவப் பிரதி, ஒவ்வொரு வருட பில், வருடத்துக்கு ஒருமுறை வரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிய மொத்தப் பாக்கித் தொகை. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். வாரிசுகள் வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால் 180 நாளுக்குள் பாக்கியைக் கட்டியாக வேண்டும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று இப்போதே பேசிவைப்பது நல்லது.

நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, எல்லா மாநிலத்திலும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸில் யாரும் உங்களுக்காக வரி கட்டுவதில்லை, வசூலிப்பவர்கள் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கலிஃபோர்னியா, ஓரிகன், மினசோட்டா மாநிலங்களில் மாநில அரசே கவுன்டிக்குக் கட்டிவிட்டு உங்கள் பெயரில் கடனாக எழுதிக்கொள்ளும். ஓரிகன் இதை 1963இலேயே ஆரம்பித்தது. அரசுப் பணம் என்பதால் வருமான வரம்பும் மற்ற நிபந்தனைகளும் கடுமையாக இருக்கும். கலிஃபோர்னியாவில் 62 வயது போதும், ஆனால் வீட்டில் 40 சதவீதமாவது உங்கள் சொந்தப் பங்காக இருக்க வேண்டும். பட்ஜெட் நெருக்கடியில் 2009இல் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டு 2016இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். மினசோட்டாவில் குடும்ப வருமானத்தில் 3 சதவீதத்தை நீங்கள் கட்டினால் மீதியை மாநிலம் ஏற்றுக்கொள்ளும், எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. மாசசூசெட்ஸில் வட்டி விகிதத்தை 8 சதவீதத்துக்குள் அந்தந்த ஊரே முடிவு செய்கிறது, ஆனால் உரிமையாளர் இறந்தபின் 16 சதவீதம் வரை போகும். அங்கே பெற்றோர் இருக்கும் பிள்ளைகள் இந்த 16ஐ மறக்கவே கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இன்றைக்கே அம்மாவின் கவுன்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் வீட்டு விலாசத்தைப் போட்டுத் தேடுங்கள். வீட்டுப் பக்கம் திறந்ததும் உரிமையாளர் பெயர், அதன் கீழே விலக்குகள் என்று ஒரு வரி இருக்கும். உரிமையாளராக அப்பா பெயர் மட்டும் இருக்கிறதா, ஹோம்ஸ்டெட்டோடு 65 வயது விலக்கும் இருக்கிறதா, பள்ளி வரி உச்சவரம்பு என்று ஒரு தொகையும் வருடமும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மதிப்பு அதிகமாகப் பட்டால் ஆட்சேபம் தெரிவிக்க மே 15 வரை, அல்லது மதிப்பு அறிவிப்பு அனுப்பிய நாளில் இருந்து 30 நாள் வரை, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை நேரம் உண்டு. அம்மாவின் ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ அந்த வீட்டு விலாசத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விலக்கு விண்ணப்பம் திரும்பி வந்துவிடும், அதை முதலில் மாற்றிவிடுங்கள். விலக்குகள் ஏறியபின் வரும் புதுத் தொகையை வைத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். முடிந்தால் போனில் வேண்டாம், ஒரு வார இறுதியில் நேரில் போய், அந்த பில் கவர்கள் எல்லாவற்றையும் நீங்களே பிரித்துப் பாருங்கள்.